நிழலில் புல் ஏன் நீள்கிறது?

“ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி” என்று மணமக்களை வாழ்த்துவது நம் வழக்கம். வாழ்த்தில் சேர்ந்து நிற்கும் ஆலும் அருகும் மண்ணில் அவ்வாறு சேர்ந்து வாழ்வதில்லை. பழைய ஆலமரம் ஒன்றின் அருகே சென்று பார்த்தால், நிழல் முடியும் விளிம்புக்கு வெளியே அருகம்புல் பாய் விரித்தாற்போல் பின்னிக் கிடப்பதையும், உள்ளே வர வர அது மெலிந்து, அடிமரத்தை நெருங்கும்போது சருகும் வெறும் மண்ணும் மட்டுமே மிஞ்சுவதையும் காணலாம். சேலம் நகரில் வீட்டை ஒட்டி ஒரு சிறு புல்தரை வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய காட்சி இது. ஏனென்றால் இன்றைய நகர மனைகளில் மாடிச் சுவர், மதில், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாமரம் ஆகிய ஏதாவது ஒன்றின் நிழல் விழாத தரை என்பது அரிது.

அழகாபுரத்தில் என் அக்கா வீட்டின் வடபுறத்தில் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு நீண்ட துண்டு நிலம் உண்டு. வீட்டுச் சுவரின் உயரம் ஏறத்தாழ இருபது அடி. ஏப்ரல் மாதக் கடைசியில் அங்கே அருகம்புல் பத்தைகளைப் பதித்தோம். ஜூன், ஜூலை மாதங்களில் அது கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பரவியது. நவம்பர் கடைசியில் புல் மளமளவென்று உயர்ந்தது. வாரத்துக்கு ஒரு முறை வெட்டினாலும் போதவில்லை. மழைக்காலத்துச் செழிப்பு என்று எண்ணி மகிழ்ந்து, ஒட்ட வெட்டி, ஒரு கை யூரியாவும் தூவினோம். ஒரு மாதத்திற்குள் புல் திட்டுத் திட்டாகக் கலைந்து, இடையிடையே பச்சைப் பாசி படிந்துவிட்டது. நாங்கள் செழிப்பு என்று நினைத்தது பசியின் அடையாளம் என்பது பின்னர்தான் விளங்கியது. அந்தப் பசியைப் புரிந்துகொண்டால் நிழலில் புல் வளர்ப்பது பற்றிய ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

புல்லை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போலப் பார்க்கலாம். பகலில் இலைகள் ஒளியைக் கொண்டு காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை தயாரிப்பது வரவு. இலை, தண்டு, வேர் ஆகிய அனைத்தும் உயிரோடு இருப்பதற்காக இரவும் பகலும் சுவாசித்து அந்தச் சர்க்கரையை எரிப்பது செலவு. ஒளி குறையக் குறைய வரவு குறைந்து, ஒரு நிலையில் அந்த நேரத்து வரவும் செலவும் சமமாகிவிடும். இந்த நிலையைத் தாவரவியலில் ஒளி ஈடுசெய் புள்ளி என்பர். பகலில் அந்த அளவை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் புல்லுக்கு இரவுச் செலவுக்கு எதுவும் மிஞ்சாது. அப்போது அது ஓடுதண்டிலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவிடும். வெளிப்பார்வைக்குப் பசுமையாகவே இருந்தாலும் உள்ளே சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும். ஒரு வெட்டு, ஒரு கடும் வறட்சி, பிள்ளைகள் ஓடியாடிய ஒரு விடுமுறை வாரம் என்று ஏதேனும் ஒன்று வரும்போது, மீண்டும் துளிர்ப்பதற்குக் கையிருப்பு இல்லாமல் அது மடிந்துவிடுகிறது.

இதில் நம் வெப்பநாட்டுப் புற்களுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அருகம்புல் உள்ளிட்ட பெரும்பாலான வெப்பநாட்டுப் புல்தரைப் புற்கள் சி4 என்ற வகையைச் சேர்ந்தவை. இவை கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் செறிவாகச் சேர்த்துவைத்துப் பிறகு பயன்படுத்துகின்றன. அந்த ஏற்பாட்டினால்தான் சேலத்து மே மாத வெயிலிலும் அவை சோர்வின்றி வளர்கின்றன. ஆனால் அந்த ஏற்பாட்டை நடத்துவதற்கே கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆற்றல் ஒளியிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத, காபிச் செடி போன்ற சி3 வகைத் தாவரங்களின் இலை முழு வெயிலில் ஒரு பகுதி கிடைத்தாலே நிறைவடைந்துவிடும். அருகம்புல்லோ வெயில் ஏற ஏற மேலும் மேலும் சர்க்கரை தயாரித்துக்கொண்டே போகும். வெயிலில் அதற்கு வலிமையாக இருப்பதே நிழலில் சுமையாகிறது.

அப்படியானால் பசியோடு இருக்கும் புல் ஏன் உயரமாக வளர வேண்டும்? மேலே எங்கோ ஒளி இருக்கிறது, எட்டிப் பிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் தாவரத்தின் கணக்கு. ஒளி குறைந்தவுடன் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் செயற்பாடு கூடுகிறது, செல்கள் நீள்கின்றன, கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள தூரம் அதிகரிக்கிறது, இலை நீண்டு மெலிந்து தொய்கிறது. உயரத்துக்குச் செலவிட்டதை வேறெங்காவது குறைத்தாக வேண்டும் அல்லவா? முதலில் வேர் குறைகிறது, அடுத்துத் தூர் குறைகிறது. நெல் நன்றாகத் தூர் கட்டினால்தான் வயல் நிறையும் என்பதை உழவர்கள் அறிவர். புல்தரையும் அப்படித்தான். பக்கவாட்டில் தூர் கட்டி அடர்வதால்தான் அது தரையாகிறது; அது நின்றுபோனால் உயரமான சில புற்களும் அவற்றுக்கிடையே மண்ணும் தெரியும். அக்கா வீட்டில் ஓர் ஓடுதண்டைப் பிடுங்கி, தெருவோரம் முழு வெயிலில் வளர்ந்த இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தெருவோரத் தண்டில் கணுக்கள் விரல்நுனி அகலத்துக்கு ஒன்றாக நெருங்கி, ஒவ்வொரு கணுவிலும் வேர்க்கொத்து பிடித்திருந்தது. நிழலில் வளர்ந்த தண்டு அதைப்போல் மூன்று மடங்கு இடைவெளியோடு, நூல்போல் மெலிந்து, பல கணுக்களில் வேரே இல்லாமல் வெளிறியிருந்தது. நிழலின் பாதிப்பை அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. வீட்டில் எவரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

நிழல் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் வெவ்வேறானவை. சுவர் நேர் வெயிலைத் தடுக்கிறது. ஆனால் திறந்த வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி அங்கே வந்து சேர்கிறது. அளவு குறைந்தாலும் அந்த ஒளியின் நிறக்கலவை பெரிதாகக் கெடுவதில்லை. மரத்தடியில் நிலைமை வேறு. மேலே இருக்கும் இலைகள் தமக்கு வேண்டிய சிவப்பு, நீல ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடுகின்றன. திறந்த வெயிலில் சிவப்பு ஒளியும் தொலைச்சிவப்பு ஒளியும் ஏறத்தாழ 1.2க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அடர்ந்த மரத்தடியில் இந்த விகிதம் 0.2க்கும் கீழே இறங்குவதுண்டு. புல்லில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகித மாற்றத்தை உணர்ந்து, “மேலே வேறு இலைகள் இருக்கின்றன” என்ற செய்தியை எழுப்புகிறது. ஆகவே மரத்தடிப் புல் இரண்டு தூண்டுதல்களால் நீள்கிறது. ஒளி குறைந்தது ஒன்று, ஒளியின் நிறம் மாறியது மற்றொன்று. போதாக்குறைக்கு மரத்தின் ஊட்டவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், நீருக்கும் உரத்துக்கும் புல் அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. தூறல் மழையின் ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடுகிறது. கீழே விழும் சருகு வேறு புல்லை மூடிக்கொள்கிறது.

மரத்துக்கு மரமும் வேறுபாடு பெரிது. மாமரத்தின் இலை தடித்தது, அடர்ந்தது, ஆண்டு முழுவதும் நிற்பது. அதன் அடியில் புல்தரை அமைக்க முயல்வது வீண் என்றே நான் கருதுகிறேன். வேம்பும் புங்கனும் கோடை தொடங்கும் முன்னரோ தொடங்கும்போதோ இலையுதிர்த்துச் சில வாரங்கள் வெயிலை உள்ளே விடுகின்றன. தூங்குமூஞ்சி மரம் எவ்வளவு அகலமாகக் கவிந்தாலும் அதன் சிற்றிலைகளுக்கிடையே ஒளி சிந்துகிறது. மாலையிலும் மழை மூட்டத்திலும் இலைகளை மடித்துக்கொள்வதால் மழைநீரும் தரைக்கு எளிதில் இறங்குகிறது. அதன் அடியில் ஓரளவு புல் பசுமையாக நிற்பதைச் சாலையோரங்களில் பார்க்கிறோம். மரத்தடியில் நின்று குனிந்து பார்த்தால் தரையில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் நகர்ந்துகொண்டிருக்கும். அடர்ந்த நிழலில் வாழும் செடிக்கு நாள் முழுவதும் கிடைக்கும் ஒளியில் கணிசமான பங்கு இந்தப் பொட்டுகள் வழியாகவே வருகிறது. கிளைகளைச் சற்றே கவாத்து செய்வது புல்லுக்கு அவ்வளவு உதவுவதன் காரணம் இதுதான்.

சேர்வராயன் மலையில் இதை அறிந்தவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களை நிழலுக்காகவே வளர்த்து, அவற்றின்மேல் மிளகுக் கொடியையும் ஏற்றியிருப்பார்கள். அராபிகா காபி எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களின் கீழ் தோன்றிய செடி. நிழல் அதற்குத் தாய்வீடு. அதற்கும்கூட மழைக்காலம் தொடங்கும் முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். மேகமும் மூடுபனியும் வானத்தை மறைக்கும் மாதங்களில் மரநிழலும் சேர்ந்தால் நிழல் மிகையாகி, ஈரம் காயாமல் பூஞ்சை நோய் பெருகும் என்பதே காரணம். நிழலில் பிறந்த செடிக்கே இவ்வளவு கணக்கு என்றால், திறந்த வெளியில் பிறந்த புல்லுக்கு எவ்வளவு வேண்டும்! அதே காபித் தோட்டத்தின் தரையில், அலையலையாகச் சுருங்கிய அகன்ற இலைகளோடு தாழப் படரும் ஆப்லிஸ்மெனஸ் என்ற புல்லைக் கவனிக்கலாம். அது சி3 வகையைச் சேர்ந்த காட்டுப் புல். குறைந்த ஒளியைக் கிடைத்த அளவில் வாங்கிக்கொள்ள இலையை அகலமாக, மெல்லியதாக, கிடைமட்டமாக விரித்து வைத்திருக்கிறது. கோரைபோல் நிமிர்ந்த குறுகிய இலையை உடைய புற்கள் நிழலில் தோற்பதும், அகன்ற இலைப் புற்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பதும் ஏன் என்பதற்கு அந்த ஓர் இலையே போதிய விளக்கம்.

இனிச் சேலத்து வானத்துக்கு வருவோம். நகரம் ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், உச்சிவேளையில் நேர் தலைக்கு மேல் வருகிறது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். இதனால் இருபது அடிச் சுவர் ஒன்றின் உச்சிவேளை நிழல், ஜூன் 21 அன்று தெற்கு நோக்கி நான்கு அடிக்குச் சற்று மேல் மட்டுமே விழுகிறது. டிசம்பர் 21 அன்று அதே சுவரின் நிழல் வடக்கு நோக்கிப் பதினான்கு அடி நீள்கிறது. அக்கா வீட்டுப் பன்னிரண்டு அடித் துண்டு, நவம்பர் 20 அளவிலிருந்து ஜனவரி 22 அளவு வரை உச்சிவேளையிலும் முழுமையாகச் சுவர் நிழலுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த மாதங்களில் சுவருக்கு வடக்கே விழும் நிழல் மிகக் குறுகியிருப்பது உச்சிவேளையில்தான் என்பதால், சுவரின் இரு ஓரங்களைத் தவிர மற்ற இடங்களில் காலையிலும் மாலையிலும் நேர் வெயிலுக்கு வழியில்லை. வடகிழக்குப் பருவமழையின் மேகங்களும் அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே சேர்ந்துகொள்கின்றன. நாங்கள் ஏப்ரலில் பார்த்த இடமும் நவம்பரில் புல் வாழ வேண்டியிருந்த இடமும் ஒன்றாக இருக்கவில்லை.

எனவே புல் பதிக்கும் முன் ஒளியை அளந்துகொள்வது நல்லது. கண் இதில் நம்மை ஏமாற்றும். உச்சிவெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அடர்ந்த மாமர நிழலில் அது 10,000க்கும் வெகு கீழே இறங்கிவிடும். ஆனால் நம் கண் பாவையை விரித்துக்கொண்டு இரண்டையும் வெளிச்சமாகவே காட்டும். கோலமாவு இதற்கு உதவும். டிசம்பர் மாதத்தில் ஒரு தெளிந்த நாளில், காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பைத் தரையில் மாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையில் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் கிடைத்தது என்பது தரையிலேயே வரைபடமாக நிற்கும். வீட்டின் தென்புறத்தில் உள்ள இடமானால் அதே வேலையை ஜூனில் ஒரு முறை செய்தால் போதும். ஒரே அளவு நேரம் கிடைப்பதாயின் மாலை வெயிலைவிடக் காலை வெயிலே நல்லது. இரவுப் பனி விரைவில் காய்ந்து பூஞ்சைக்கு இடமில்லாமல் போகும்.

அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் புல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகம்புல்லுக்கும் அதன் கலப்பினங்களுக்கும் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் தேவை. அதற்குக் குறைந்தால் வேண்டாம். நர்சரிகளில் கொரியன் புல் என்று விற்கப்படும் சாய்சியா வகைகள் நான்கு, ஐந்து மணி நேர வெயிலில் மெதுவாகப் பிழைத்துக்கொள்ளும். அகன்ற இலையுடைய புற்களான ஆக்சோனோபஸ், ஸ்டெனோடாஃப்ரம் ஆகிய இரண்டும் மூன்று, நான்கு மணி நேர வெயிலிலோ நாள் முழுவதும் சிந்தும் மரநிழலிலோ தரையை மூடிவைக்கும். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். நம் நர்சரிகளில் பஃபலோ புல் என்று கேட்டால் பெரும்பாலும் இந்த அகன்ற இலைப் புற்களில் ஒன்றைத்தான் தருவார்கள். அமெரிக்காவில் அதே பெயரால் வழங்கப்படுவது அங்குள்ள வறண்ட சமவெளிகளின் மெல்லிய இலைப் புல்; அதற்கு முழு வெயில் வேண்டும். அந்நாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே பஃபலோ புல் நிழலுக்கு ஆகாது என்று ஒதுக்குவதும், அங்கே நிழலுக்குப் பரிந்துரைக்கப்படும் ஃபெஸ்க்யூ என்ற குளிர்நாட்டுப் புல்லின் விதையை வாங்கிச் சேலத்தில் தூவுவதும் ஒருசேரத் தவறு. வாங்கும்போது பெயரைக் கேட்பதைவிட இலையைத் தொட்டுப் பார்ப்பது மேல்.

பராமரிப்பில் நான்கைந்து பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றில் மிக முக்கியமானது வெட்டும் உயரம். ஒளியைப் பிடிக்கும் பரப்பு இலைதான் என்பதால், நிழலில் உள்ள புல்லை ஒட்ட வெட்டுவது பசித்தவனின் கையிலிருக்கும் உணவைப் பிடுங்குவது போன்றது. வெயிலில் இரண்டரை சென்டிமீட்டரில் வெட்டும் அருகை, ஓரளவு நிழல் விழும் இடத்தில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வரை விட வேண்டும். ஸ்டெனோடாஃப்ரம் வகையை ஏழு, எட்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு தடவையில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அடுத்தது உரம். தழைச்சத்து இலையை நீளத் தூண்டும். நீளும் இலைக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமிப்பிலிருந்துதான் புல் எடுக்கும். வெயிலில் இடும் அளவில் பாதி போதும். நிழல் ஆழமான மாதங்களில் யூரியாவை அறவே தவிர்ப்பது நல்லது. நாங்கள் தூவிய அந்த ஒரு கை யூரியா புல்லுக்குச் செய்தது உதவியன்று.

நீர் விஷயத்தில் பலரும் தவறுவது இரக்கத்தால்தான். வாடியதுபோல் தெரியும் புல்லுக்குத் தண்ணீர் விடத் தோன்றும். சுவர் நிழலில் ஆவியாதல் குறைவு. தினமும் தெளித்தால் மேல்மண் காயாமல் பாசியும் பூஞ்சையும் வரும். மரத்தடியிலோ வேர்கள் உறிஞ்சிவிடுவதால் மண் உள்ளே உலர்ந்திருக்கலாம். ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எளிதில் இறங்கினால் ஈரம் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம். நடந்து சென்ற கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் மட்டும், காலை வேளையில், ஆழமாக ஒரு முறை பாய்ச்சலாம். நிழலில் வளர்ந்த இலைகளுக்கு உறுதி குறைவு என்பதால் அடிக்கடி நடக்கும் வழியில் கல் பாவிவிடுவது புல்லைக் காப்பாற்றும். சருகை வாரம் இரு முறை வாரிவிட வேண்டும். எதிர்ச்சுவருக்கு வெள்ளை அடிப்பதும் ஒளியைக் கொஞ்சம் கூட்டும்.

நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேர வெயில்கூட இல்லாத, மேலே வானமும் தெரியாத இடத்தில் எந்தப் புல்லையும் பதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஆண்டுதோறும் புதுப் பத்தை வாங்கிப் பதிப்பது காசையும் தண்ணீரையும் அந்தப் புல்லின் உயிரையும் வீணாக்குவது. பெரணி, மணி பிளாண்ட், புல்போலவே தோன்றும் ஆனால் புல் இனத்தைச் சேராத மாண்டோ செடி ஆகியவை அந்த இடத்தில் மகிழ்ச்சியாக வளரும். மரத்தடியானால் சருகையே ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிடலாம். மரத்துக்கும் அது நல்லது.

அழகாபுரத்துத் துண்டில் இப்போது சுவரை ஒட்டிய நான்கு அடிக்குக் கூழாங்கல்லும் பெரணியும், அதற்கு அப்பால் மதில் வரை அகன்ற இலைப் புல்லும் இருக்கின்றன. இம்முறை பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், உச்சிவேளை நிழல் சுவரை நோக்கிச் சுருங்கத் தொடங்கிய பிறகு பதித்தோம். கோடையில் அதற்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் நவம்பர் நிழல் திரும்பி வருவதற்குள் அதற்கு ஒன்பது மாத வெயில் கிடைத்தது. ஓடுதண்டுகள் கணுவுக்குக் கணு வேர் பிடித்து, அடுத்த இரண்டு மாதங்களுக்கு வேண்டிய சேமிப்போடு நின்றன. அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அக்கா அதற்கு உரம் வைப்பதில்லை. வெட்டும் இயந்திரத்தின் கத்தியையும் ஒரு படி உயர்த்தி வைத்துவிடுகிறார்.